சரி சொல்ல முடியாத ஆள்

லிஃப்ட் பழுது பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருப்பார். மற்றவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் அறையில் நிற்பார். பெட்டியை நகர்த்தும் பொத்தான் உச்சியில் நிற்பவரிடம். போனால் போகிற உயிர் கூரையில் இருப்பவருடையது. அதனால் பழைய லிஃப்ட்களில் வேலை செய்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூரையில் இருப்பவர் வாக்கி டாக்கியில் "கீழ" என்பார். மோட்டார் அறையில் இருப்பவர் அதையே திருப்பி "கீழ" என்பார். கூரையிலிருந்து "சரி" என்று வந்த பிறகுதான் பெட்டி நகரும். அந்தச் "சரி" வராவிட்டால், பொழுது சாய்ந்தாலும் பொத்தானில் விரல் படக் கூடாது.

இந்தக் கதைக்கு உரியவர் பாதி ஆயுளை லிஃப்ட் கூரைகளில் கழித்தவர். கம்பெனியில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். ஒருமுறை மேல் மாடியிலிருந்து யாரோ நழுவவிட்ட ஸ்பேனர் ஒன்று, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி 'டங்' என்று விழுந்தது. மேலே இருந்தவர்கள் அலறிவிட்டார்கள். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது பதினேழாம் நம்பர். எனக்குப் பத்தொன்பது வேணும். இருந்தா அதையும் போடுங்க" என்றார். பெயர் அன்றைக்கு ஒட்டியது.

மோட்டார் அறையில் நிற்பவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். 'கீழ', 'மேல', 'சரி' தவிர மற்ற நேரமெல்லாம் அந்த வாக்கி டாக்கியில் குடும்பச் சண்டைதான் ஓடும்.

"மாமா, அக்கா மதியத்துக்கு என்ன குடுத்தனுப்பிச்சா?"

"உனக்கு இல்லேன்னு சொல்லி அனுப்பிச்சா, மச்சான்."

"அப்ப நான் பொத்தான அமுக்கலாமா?"

"அமுக்கு. அப்புறம் உங்கக்காவுக்கு நீதான் சோறு போடணும்."

அந்தக் கம்பெனியில் ஒரு குழுத் தலைவர் இடம் காலியாக இருந்தது. மைத்துனனுக்குத்தான் என்று பேச்சு. கூடவே வேலை செய்தவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் நிதானம்.

அப்படியிருந்தபோதுதான் அது வந்தது.

முதல்முறை வந்தது லிஃப்டில் அல்ல. விடுமுறை நாள், காலை நேரம், ரொட்டிக் கடை வரிசை. கையில் துணிப்பை. முன்னால் ஒரு அம்மாள் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று, பெரிய விபரீதம் ஒன்று நடந்துவிட்டது, தனக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது போல நிதானத்துக்கு வயிற்றைப் பிசைந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை நனைந்தது. திரும்பிப் பார்த்தார். வண்டி எதுவும் மோத வரவில்லை. யாரும் அழவில்லை. கடைக்காரர் "பெருசா, சின்னதா?" என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் நெஞ்சுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

"ரொட்டி எங்கங்க?" என்றார் மனைவி.

"தீந்துபோச்சு."

"இந்நேரத்துக்கா? இப்பத்தானே கடையே திறந்திருப்பான்."

பிறகு அது அடிக்கடி வந்தது. பல் தேய்க்கும்போது, பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்து நிம்மதியாக உட்காரும்போது, மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அவள் குதித்துக்கொண்டே சொன்னபோது. கெட்ட நேரம் பார்த்து வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இதுவோ நல்ல நேரத்திலும் வந்தது, ஒன்றுமில்லாத நேரத்திலும் வந்தது.

பழுது பார்க்கிறவர் வேறு என்ன செய்வார்? பழுதைத் தேடினார். ஈசிஜி எடுத்தார், நன்றாக இருந்தது. ரத்தம் கொடுத்தார், சர்க்கரை, தைராய்டு எல்லாம் ஒழுங்கு. டீயை நிறுத்தினார், தலைவலி வந்தது, பயம் போகவில்லை. ராத்திரிச் செய்தி பார்ப்பதை நிறுத்தினார். தலையணையை மாற்றினார். ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டு, பயம் வருகிறதா என்று காத்திருந்தார். இப்படிக் காத்திருந்ததாலேயே அது சொன்ன நேரத்துக்கு வந்தது.

மனைவி தன் பாணியில் விசாரணை நடத்தினார்.

"ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"எங்கம்மா வீட்டுல யாராவது?"

"இல்ல."

"எவளாவது இருக்காளா?"

"லிஃப்ட் மேல உக்காந்திருக்கறவன எவ பாப்பா?"

"அப்ப என்னதாங்க? எல்லாம் நல்லாத்தானே இருக்கு!"

அவருக்கு எரிச்சல் மூட்டிய வாக்கியம் அதுதான். எல்லாம் நன்றாக இருப்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. துக்கத்தில் அழுகிறவனை ஊர் தட்டிக்கொடுக்கும். சிரித்துக்கொண்டிருக்க வேண்டிய வீட்டில் மூச்சு முட்டி நிற்கிறவனை என்னவென்று சொல்வது?

மனைவியின் பிடுங்கல் தாங்காமல் மனநல மருத்துவரிடம் ஒருமுறை போனார். நடுவயதுப் பெண்மணி, அவசரப்படாமல் கேட்டார். கடைசியில், "இது பதற்ற நோய். இதுக்குக் கண்ணுக்குத் தெரியற காரணம் ஒண்ணு இருந்தே ஆகணும்னு இல்லைங்க" என்றார்.

நிதானத்துக்கு அது பிடிக்கவில்லை. காரணமில்லாத பழுது என்று அவர் தொழிலில் எதுவும் இல்லை. கண்டுபிடிக்கத் தெரியாதவன் சொல்லும் பேச்சு என்று நினைத்தார். மாத்திரைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துவைக்கும்போது அது கூழாகிவிட்டது. மறுபடி போகவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தத் தவறைச் செய்தார்.

சில லிஃப்ட்கள் எப்போதாவது நிற்கும். மெக்கானிக் வந்தால் சமர்த்தாக ஓடும். அப்படிப்பட்ட பழுதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு லிஃப்ட் இருந்தால், சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றி அதில் மாட்டுவார்கள். அதன் பாகத்தை இதில் மாட்டுவார்கள். பழுது அந்த லிஃப்டுக்குப் போய்விட்டால் பாகம் கெட்டது. பழுது இங்கேயே இருந்தால் அந்தப் பாகத்தின்மேல் குற்றமில்லை. 'மாத்திப் பாக்கறது' என்பார்கள்.

பயம் எப்போதெல்லாம் வந்தது என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். வேலை நாட்களில்தான் அதிகம். வேலை நாளில் கூட இருப்பவன் மைத்துனன். ரொட்டிக் கடைக்கு முந்தின நாள் மாலைகூட அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனான். பொத்தான் அவன் கையில். விளையாட்டாக "அமுக்கலாமா" என்று கேட்கிறவன். ஒருவேளை அவன்மேல் உள்ளுக்குள் நம்பிக்கை இல்லையோ? அதுதான் காரணமோ?

எத்தனை வருடமாக அவனிடம் உயிரைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று அலைகிறவனுக்கு, கிடைத்த காரணம் எவ்வளவு அற்பமாக இருந்தாலும் கையை விட்டுப் போகாது.

மேற்பார்வையாளரின் அறைக்குப் போய், "கொஞ்ச நாளைக்கு எனக்கு வேற ஆள் போடுங்க மேடம்" என்றார்.

மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்? ஏதாவது தப்புப் பண்ணானா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப ஏன்?"

"மாத்திப் போடுங்க, போதும்."

நிதானமே சொந்த மைத்துனனோடு நிற்க மாட்டேன் என்கிறார், காரணமும் சொல்ல மறுக்கிறார் என்றால் ஒரு மேற்பார்வையாளர் என்ன நினைப்பார்? பையன் பொத்தானில் அசட்டையாக இருந்திருக்கிறான், உறவு என்பதால் மூடி மறைக்கிறார் என்றே நினைத்தார். மைத்துனனை மோட்டார் அறையிலிருந்து எடுத்து, உதிரி பாகக் கிடங்கில் உட்கார வைத்தார். குழுத் தலைவர் பேச்சு அன்றோடு அடங்கியது. கம்பெனி முழுக்க ஒரே கிசுகிசு. லிஃப்ட்காரர்களிடம் 'அசட்டை' என்ற சொல் ஒருவன்மேல் விழுந்தால், அதன் பிறகு யாரும் அவனை நம்பிக் கூரையில் ஏற மாட்டார்கள்.

அன்று மாலையே மைத்துனன் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் மாமா?"

"ஒண்ணும் இல்லடா."

"ஒண்ணும் இல்லாததுக்கா என்ன நட்டு போல்ட்டு எண்ண வெச்சிருக்காங்க? என்னைக்காவது நீங்க சரி சொல்லாம நான் கைய வெச்சிருக்கேனா? ஒரு நாள்? சொல்லுங்க."

"இல்ல."

"அப்ப அத அங்க சொல்ல வேண்டியதுதானே?"

நிதானம் சுவரைப் பார்த்தார். சொல்ல வேண்டுமானால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று தொடங்க வேண்டும். எதைப் பார்த்து என்று கேட்பான். தெரியாது என்று சொல்ல வேண்டும். ஸ்பேனர் விழுந்தபோது கிண்டலடித்த மனுஷன் ரொட்டிக் கடையில் நடுங்கினான் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

"உள்ள வந்து உக்காந்து பேசுடா" என்றார் அக்கா.

"உங்க வீட்டுக்காரரோட உக்காந்தா நான் அசட்டையா ஏதாவது பண்ணிடுவேன்க்கா" என்றான். போய்விட்டான்.

அன்றிரவு மனைவி சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதன் பிறகு 'ஏங்க' என்ற சொல்லே அந்த வீட்டில் இல்லாமல் போனது.

புதுக் கூட்டாளியின் பெயர் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுகிறவர். அதனால் அந்தப் பெயர். மற்றபடி வேலையில் கெட்டிக்காரர். முதல் சில நாட்கள் பயம் வரவில்லை. நிதானம் உள்ளுக்குள் கணக்குப் போட்டார்: பாகத்தை மாற்றினோம், பழுது போய்விட்டது. நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கு விலையாக மைத்துனன் கிடங்கில் உட்கார்ந்திருப்பது முள்ளாகக் குத்தியது. ஆனாலும் காரணம் கிடைத்துவிட்டதே!

பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை. சாதாரண வேலைதான்: கதவுப் பூட்டுகளைத் துடைத்து, கிரீஸ் தடவி, மாடி மாடியாக இறங்கி வர வேண்டும். நிதானம் கூரையில் குந்தியிருந்தார். இரும்புக் கயிறுகள் மேலே இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. கதவு இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம். வெளியே யாரோ சாவியைத் தேடிக்கொண்டு முணுமுணுத்தார்கள். ரேடியோ தன் பல்வலியைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கீழ" என்றார் நிதானம்.

"கீழ" என்றார் ரேடியோ. "அந்தப் பல்லு டாக்டர் என்ன சொன்னான்னா..."

'சரி' சொல்ல வாயைத் திறந்தபோது அது வந்தது. ரொட்டிக் கடையில் வந்த அதே பயம், அங்குலம்கூடக் குறையாமல். நெஞ்சு தூக்கிப் போட்டது. விரல் நுனிகள் மரத்தன. வாக்கி டாக்கி கையில் வழுக்கியது.

"அண்ணே, சரியா?"

பதில் இல்லை.

"அண்ணே? கீழன்னீங்க. நானும் கீழன்னுட்டேன். சரி சொல்லுங்க."

அந்த இருட்டில், நெஞ்சு அடிக்கும் சத்தத்துக்கு நடுவே, நிதானத்துக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. பாகத்தை மாற்றியாகிவிட்டது. பழுது இங்கேயே இருக்கிறது. மைத்துனன்மேல் குற்றமில்லை. அவன் பெயரைக் கெடுத்ததுதான் மிச்சம்.

கீழே ஒரு மாடியில் யாரோ கதவைத் தட்டினார்கள். "இன்னும் எவ்ளோ நேரம்ப்பா? காய்கறியோட நிக்கறேன்!"

"அண்ணே, பேசுங்கண்ணே. எனக்கு இங்க வேர்க்குது."

நிதானம் இரு கைகளாலும் வாக்கி டாக்கியை வாயருகே பிடித்தார். "சரி வரலப்பா" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "பயமா இருக்கு. காரணம் ஒண்ணும் இல்ல. ஆனா பயமா இருக்கு. நகத்தாத."

ரேடியோ வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, வழக்கப்படியே திருப்பிச் சொன்னார்: "நகத்தாத. நான் நகத்தல. மெயின் சுவிட்ச அணைச்சுட்டு இறங்கி வர்றேன். உக்காந்தே இருங்கண்ணே."

மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கை கொடுத்து வெளியே இழுத்தார். படிக்கட்டில் கூட்டம் கூடியிருந்தது. காய்கறிப் பையோடு நின்ற பெரியவர், "என்னப்பா, உள்ள பேய் கீய் பாத்துட்டியா?" என்றார். யாரோ சிரித்தார்கள். நிதானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. ஒரு சிறுமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கம்பெனிக்குப் போனார்.

"மச்சான் மேல எந்தத் தப்பும் இல்ல மேடம். கோளாறு என்கிட்ட" என்று ரொட்டிக் கடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். மேற்பார்வையாளர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் நீங்க கூரைல ஏறக் கூடாது. இது தண்டனை இல்ல" என்றார்.

"தெரியும்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா... குழுத் தலைவர் இடத்துக்கு நேத்துதான் வேற ஆளப் போட்டோம்."

நிதானம், ஊழியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மைத்துனன்மேல் குற்றமில்லை என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார். காரணத்தையும் சேர்த்தே சொல்லச் சொன்னார். "வெறுமனே தப்பில்லன்னு சொன்னா நம்ப மாட்டாங்க மேடம்."

மாலையில் மைத்துனன் வீட்டு வாசலில் நிற்கும் முறை இவருடையதாக இருந்தது. விஷயம் அவனுக்கு அதற்குள் போயிருந்தது. ரேடியோவுக்குத் தெரிந்த பிறகு யாருக்குத்தான் தெரியாது?

"பயம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா."

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்துச் சேர்த்தான். "அப்புறம் கூரைல நான் ஏறியிருப்பேன். நீங்க மோட்டார் ரூம்ல நின்னிருக்கலாம்."

இவ்வளவு எளிதான வழி ஒன்று இருந்தது நிதானத்துக்குத் தோன்றவே இல்லை.

"உன் பேரக் கெடுத்துட்டேன்டா."

"ஆமா, கெடுத்துட்டீங்க" என்றான் அவன். இல்லை என்று மறுக்கவில்லை. உள்ளே வரச் சொன்னான். ஆனால் முன்போல வாயைக் கிளறவில்லை. இருவரும் டீயை ஆறவிட்டுக் குடித்தார்கள்.

நிதானம் மருத்துவரிடம் மறுபடி போனார். இம்முறை மனைவியும் கூட வந்தார். பயம் ஏன் வருகிறது என்றுதான் நிதானம் முதலில் கேட்டார்.

"ஒரே ஒரு காரணத்தத் தேடாதீங்க" என்றார் மருத்துவர். "உடம்புவாகு கொஞ்சம் இருக்கும். பல வருஷமா எப்பவும் உஷாரா இருந்தது கொஞ்சம், தூக்கம் கெட்டது கொஞ்சம். எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. வீட்டுல காலிங் பெல் தானா அடிக்குதுன்னு வெச்சுக்குங்க. சத்தம் நிஜம். வாசல்ல ஆள் இல்ல. நீங்க ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் தெரு முழுக்கத் தேடறீங்க. அப்படித் தேட ஆரம்பிச்சா அடுத்த பெல்லுக்கே காத்துக்கிட்டிருப்பீங்க."

"அப்ப காரணம் கடைசி வரைக்கும் தெரியாதா?"

"தெரியலாம். தெரியாமலும் போகலாம். தெரியாமலே குறையவும் செய்யும்."

மனைவி குறுக்கிட்டார். "எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன் டாக்டர். அது தப்பா?"

"தப்பு இல்லம்மா. ஆனா அவருக்கு அது கேள்வியாக் கேட்டிருக்கும். பதில் இல்லாத கேள்வி."

பேருந்து நிறுத்தத்தில் மனைவி கையை நீட்டினார். "ஏங்க, இந்தத் தடவை சீட்டக் குடுங்க. நான் வெச்சுக்கறேன்" என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் வாரம் ஒருமுறை பேச்சுமாக மாதங்கள் போயின. பயம் குறைந்தது. போகவில்லை. சில காலைகளில் பல் தேய்க்கும்போதே வந்து நிற்கும். இப்போது அவர் எல்லாம் இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று கால் துறுதுறுக்கும். கம்பெனியில் சிலர் நிதானம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். வேறு பெயரும் வைக்கவில்லை. 'அண்ணே' என்று மட்டும் சொல்கிறார்கள். அதில் இருக்கும் கரிசனம் அவருக்குக் கூசுகிறது. குழுத் தலைவர் இடம் போனது போனதுதான்.

மோட்டார் அறையில் நிற்கலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, கூரையில் யார் ஏறுவது என்று மேற்பார்வையாளர் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பொத்தான் ஒரு பயந்தவன் கையில் இருக்கும்போது கூரையில் உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? ரேடியோகூடத் தன் பல்லைத் தடவிக்கொண்டார்.

"நான் ஏறறேன்" என்றான் மைத்துனன். அவன் குரலில் பழைய பாசம் இன்னும் முழுசாகத் திரும்பியிருக்கவில்லை.

முதல் நாள் நிதானம் மோட்டார் அறைக்குள் நின்றார். மோட்டாரின் சூடு முகத்தில் அடித்தது. பொத்தான் எதிரே. வாக்கி டாக்கி கரகரத்தது. 'கீழ' என்று வரும் என்று காத்திருந்தார்.

"மாமா, இன்னைக்குப் பயம் இருக்கா?"

இது வழக்கத்தில் இல்லாத கேள்வி. நிதானம் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தார். இல்லை என்று சொல்லலாம். கேட்பவன் உயிர் கயிற்றில் தொங்குகிறது.

"இருக்கு" என்றார்.

"இருக்கு" என்று கூரையிலிருந்து திரும்பி வந்தது, 'கீழ' என்பதைத் திருப்பிச் சொல்வது போலவே. "நிறையவா?"

"கொஞ்சம். பொத்தான் அமுக்கற அளவுக்குத் தாங்கும்."

கூரையில் அவன் காலை ஊன்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"கீழ" என்றான் மைத்துனன்.

"கீழ" என்றார் நிதானம்.

"சரி."

அவர் அமுக்கினார்.